சதசத்து: நம்மைப் பற்றி மெய்கண்டார் சொன்னது

சைவ சித்தாந்த வகுப்புகளில், மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரம் எடுக்கும் நாளில் ஒரு சலசலப்பு நிச்சயம் உண்டு. அதுவரை பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) என்று கணக்காகப் போய்க்கொண்டிருந்த பாடத்தில் 'சத்து', 'அசத்து' என்று இரண்டு சொற்கள் வந்து விழும். முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் "சத்துன்னா உள்ளது, அசத்துன்னா இல்லாதது, அவ்வளவுதானே ஐயா" என்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் இளவட்டங்களுக்கு 'அசத்து' என்றால் 'அசத்திட்டே போ' என்பதுதான் முதலில் காதில் விழும். சத்து என்றதும் சத்து மாவும் பள்ளிக்கூடத்துச் சத்துணவும் ஞாபகத்துக்கு வருகிறவர்களும் உண்டு. நான் போய்வந்த வகுப்பில் ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பெரியவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இல்லாததுக்கு எதுக்குங்க ஒரு சூத்திரம்?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு இந்த விஷயம் பிடிபட ஆரம்பித்தது. இருப்பைப் பற்றிப் பேசச் சைவ சித்தாந்தம் கையாளும் கலைச்சொற்கள் மூன்று: சத்து, அசத்து, சதசத்து. இவற்றைத் தப்பாகப் பிடித்துக்கொண்டால் மொத்தத் தத்துவமும் தலைகீழாகிவிடும். அப்படித் தலைகீழான வடிவத்தில்தான் கோயில் மேடைகளிலும் யூடியூப் சொற்பொழிவுகளிலும் வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்களிலும் இது உலவிக்கொண்டிருக்கிறது. 'உலகம் அசத்து, அதாவது பொய்' என்று ஒரு வரி, கீழே நடராசர் படம். சித்தாந்தத்தின் பெயரால் இதைச் சொல்லும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை, ஏனென்றால் உலகம் பொய் என்று சொன்னவர்களோடு மல்லுக்கட்டித்தான் இந்தத் தத்துவமே வளர்ந்தது.

சொல் மிகப் பழையது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129வது சூக்தம், 'அப்போது அசத்தும் இல்லை, சத்தும் இல்லை' என்றுதான் தொடங்குகிறது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் பகுதியில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவை உட்காரவைத்து, தொடக்கத்தில் சத்து ஒன்றே இருந்தது என்கிறார்; அசத்திலிருந்து சத்து எப்படியப்பா பிறக்கும் என்றும் கேட்கிறார். கீதையின் இரண்டாம் அத்தியாயம், இல்லாததற்கு இருப்பு கிடையாது, உள்ளதற்கு இன்மை கிடையாது என்கிறது. அதே கீதை பதினேழாம் அத்தியாயத்துக்கு வரும்போது நல்ல செயல், மெச்சத்தக்க செயல் எல்லாவற்றுக்கும் சத்து என்ற பெயரைக் கொடுக்கிறது. உள்ளது, மெய்யானது, நல்லது என்று இத்தனை பொருளையும் ஒரே சொல் சுமந்துகொண்டு நின்றதால், பின்னால் வந்த ஒவ்வொரு சமயத்தாரும் 'நாங்கள் சத்து என்று சொல்வது இதைத்தான்' என்று வரையறுத்தாக வேண்டியிருந்தது.

தமிழில் அந்த வரையறையை மிகக் கறாராகச் செய்தவர் மெய்கண்டார். பதிமூன்றாம் நூற்றாண்டு, திருவெண்ணெய்நல்லூர். இன்றைக்கு விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. சுந்தரரை இறைவன் தடுத்தாட்கொண்ட ஊரும் அதுதான். சிவஞானபோதம் மொத்தமே பன்னிரண்டு சூத்திரம், நாற்பது வரி. மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும், ஆனால் உரை இல்லாமல் ஒரு வரிகூட நகராது. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் இந்த நாற்பது வரிக்கு ஒரு சிற்றுரையும், அது போதாதென்று மாபாடியம் என்ற பேருரையும் எழுதினார் என்றால் உள்ளே எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் சூத்திரம் இது:

உணருரு அசத்தெனின் உணரா தின்மையின்
இருதிறன் அல்லது சிவசத் தாமென
இரண்டு வகையின் இசைக்குமன் னுலகே.

முதல் வரியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கடவுள் நம் அறிவுக்கு எட்டும் பொருளா, எட்டாத பொருளா என்பது கேள்வி. எட்டும் பொருள் என்றால், அதாவது நாம் 'இது' என்று சுட்டி அறியும் பொருள் என்றால், அது அசத்தாகிவிடும். எந்த வகையிலும் உணரப்படாத பொருள் என்றால் அது இன்மை, சூனியம். முயற்கொம்பு மாதிரி வெறும் பேச்சு. இந்த இரண்டு வகையிலும் சேராதது எதுவோ அதுவே சிவசத்து என்கிறார் மெய்கண்டார். இப்போது கவனியுங்கள், ஒரே வரியில் 'அசத்து' என்று ஒன்றும் 'இன்மை' என்று இன்னொன்றும் தனித்தனியாக நிற்கின்றன. அசத்து என்றாலே இல்லாதது என்று அவர் நினைத்திருந்தால் அந்த வரியில் இரண்டு கட்சி எப்படி வரும்? உணரப்பட்டாலும் இல்லை, உணரப்படாவிட்டாலும் இல்லை என்று ஆகி வாதமே படுத்துவிடும். ஆகவே அசத்துக்கும் இன்மைக்கும் உள்ள வேறுபாட்டை வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை, சூத்திரத்தின் முதல் வரியே அதன்மேல்தான் நிற்கிறது.

அப்படியானால் அசத்து என்பது என்ன? இந்தச் சூத்திரத்துக்கு மெய்கண்டாரே எழுதிய வெண்பாவில் மூன்று உதாரணம் தருகிறார்: நீரில் எழுத்து, நிகழ்கின்ற கனவு, பேய்த்தேர் என்னும் கானல்நீர். தண்ணீரில் விரலால் எழுதிப் பாருங்கள். எழுத்து விழுகிறது, விழுந்தது கண்ணுக்கும் தெரிகிறது, அடுத்த எழுத்தை எழுதுவதற்குள் முதல் எழுத்து கலைந்துவிடுகிறது. கனவு நடக்கும்போது நடக்கிறது. கனவில் பதறியவனுக்கு விழித்த பிறகும் நெஞ்சு படபடக்கிறது. கானல்நீரும் அப்படித்தான், ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது, கிட்டே போனால் பார்த்தபடி நிற்பதில்லை. மூன்றிலும் தோற்றம் உண்டு, நிலைப்பு இல்லை. அசத்து என்றால் சித்தாந்தத்தில் அதுதான்: ஒரே தன்மையில் நில்லாதது, தோன்றி நின்று ஒடுங்குவது, நம் சுட்டறிவுக்குள் வந்து மாறிக்கொண்டே இருப்பது.

இதற்கு இலக்கணமும் துணை நிற்கிறது. வடமொழியில் முன்னால் வரும் 'அ' என்ற எதிர்மறைக்கு இன்மை, அன்மை, மறுதலை என்று மூன்று பொருள் சொல்வார்கள். அமலன் என்றால் மலம் இல்லாதவன், அது இன்மை. அநீதி என்றால் நீதிக்கு நேர் எதிரானது, அது மறுதலை. நீதி என்ற ஒன்று அங்கே காணாமல் போயிருப்பதை மட்டும் நாம் அநீதி என்று சொல்வதில்லை. அன்மை என்பது 'இதிலிருந்து வேறானது' என்ற பொருள். மெய்கண்டார் 'அத்துவிதம்' என்ற சொல்லைக் கையாளும்போதும் இதே கவனத்தோடுதான் கையாளுகிறார். அந்தச் சொல்லே 'அந்நிய நாத்தி'யை, அதாவது பிரித்துத் தனியாக நிறுத்த முடியாத நிலையைக் குறிக்கிறது, ஒரே பொருள் என்று குறிக்கவில்லை என்பது அவர் வாதம். அசத்திலும் அந்த 'அ' இல்லாமையைச் சொல்ல வரவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சித்தாந்தத்தில் சத்து என்ற சொல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வருகிறது. பதி, பசு, பாசம் மூன்றுமே அனாதி, அதாவது தொடக்கம் இல்லாதவை, மூன்றுமே உள்பொருள் என்று சொல்லும்போது மூன்றும் சத்துதான். இங்கே சத்து என்பது சூனியத்துக்கு எதிர்ச்சொல். 'உள்ளது போகாது, இல்லது வாராது' என்று சித்தாந்திகள் அடிக்கடி சொல்வது இந்த அர்த்தத்தில். முதல் சூத்திரத்தின் வார்த்திகத்திலேயே (சூத்திரத்தோடு வரும் உரைநடை விளக்கம்), இல்லாததற்குத் தோற்றம் கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் உலகத்துக்கு ஒரு கர்த்தா உண்டு என்ற வாதத்துக்கே மெய்கண்டார் போகிறார். உலகம் உள்பொருளாக இருந்தால்தான் அந்த வாதம் நடக்கும். ஆறாம் சூத்திரத்துக்கு வரும்போது அளவுகோல் மாறுகிறது. இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி முடிந்துபோய், எப்படி இருக்கிறது என்ற கேள்வி வருகிறது. மாறாமல் இருப்பது சத்து, மாறிக்கொண்டே இருப்பது அசத்து. முதல் அர்த்தத்தில் சத்தாக இருக்கும் உலகமே இரண்டாம் அர்த்தத்தில் அசத்து. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை, ஆனால் மேடையில் பேசுகிறவர் இரண்டையும் பிரிக்காமல் அடித்துவிட்டால் கேட்பவர் வீட்டுக்குக் கொண்டுபோவது 'உலகம் இல்லை' என்பதைத்தான்.

இதெல்லாம் வெறும் சொல் தகராறு என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம் ஒரு சாவு வீடு. எங்கள் மாமா இறந்த மறுநாள், துக்கம் கேட்க வந்த ஒருவர், கெட்டவர் இல்லை, தினமும் தேவாரம் பாடுகிறவர், அத்தையைப் பார்த்து, "எல்லாம் அசத்தும்மா, மாயை. இல்லாத ஒண்ணுக்கு எதுக்கு அழறே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அத்தை மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து, "அப்ப நாப்பது வருஷமா நான் காப்பி போட்டுக் குடுத்தது யாருக்கு?" என்று கேட்டார். கூடத்தில் யாரும் பேசவில்லை. எனக்கென்னவோ அந்த இடத்தில் சித்தாந்தம் பேசியது அத்தைதான் என்று இன்றைக்கும் உறுதியாகத் தோன்றுகிறது. மாமா நிலைக்கவில்லை, அது உண்மை. அதற்காக அவர் இருக்கவில்லை என்று ஆகாது. போனதற்கு அழலாம். இல்லாததற்கு எப்படி அழ முடியும்? அழுகை வருவதே ஒருவர் இருந்தார் என்பதால்தானே.

மாயை என்ற சொல்லும் இங்கே சேர்ந்து அடிபடுகிறது. சித்தாந்தத்தில் மாயை ஒரு பொருள். உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி, அவர்கள் வழக்கில் தனு கரண புவன போகம், எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. ஆணவம் என்ற, அறிவை மறைக்கும் மலத்தின் இருட்டில் ஒன்றும் தெரியாமல் கிடக்கும் உயிருக்கு அது கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. பதினான்காம் நூற்றாண்டில் சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் திருவருட்பயன் என்ற குறள் நூலில் இதைச் சொல்லும் அழகைப் பாருங்கள்:

விடிவாம் அளவும் விளக்கனைய மாயை
வடிவாதி கன்மத்து வந்து.

விடிகிற வரைக்கும் விளக்கு. உடம்பையும் உலகத்தையும் இதைவிட மரியாதையாக ஒருவர் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை. விளக்கைப் பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், விடிந்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டு திரிவதுதான் பேதைமை. உமாபதி சிவத்தைப் பற்றி வழங்கும் கதை ஒன்றும் உண்டு. தில்லையில் பூசை முடித்து, பட்டப்பகலில் முன்னால் தீவட்டி பிடித்துவரப் பல்லக்கில் போய்க்கொண்டிருந்தவரைத் திண்ணையில் இருந்த, பின்னால் அவருக்குக் குருவான மறைஞான சம்பந்தர் பார்த்து, 'பட்ட கட்டையில் பகற்குருடு போகிறது' என்றாராம். இவர் பல்லக்கைவிட்டுக் குதித்து அவர் காலில் விழுந்தாராம். கதை நடந்தபடியே வந்து சேர்ந்ததோ என்னவோ, பகலில் விளக்குப் பிடிப்பது என்றால் என்ன என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது என்பதை இந்தக் குறளே சொல்லிவிடுகிறது.

அத்வைத வேதாந்தத்தில் மாயை வேறு. அங்கே சத்து என்பது பிரம்மம் ஒன்றே. அசத்து என்றால் முயற்கொம்பு போல ஒருநாளும் தோன்றாதது. தோன்றுகிறது, ஆனால் ஞானம் வந்ததும் இல்லாமல் போகிறது என்பதால் மாயையைச் சத்து என்றும் சொல்ல முடியாது, அசத்து என்றும் சொல்ல முடியாது, இரண்டாலும் விளக்கமுடியாத அநிர்வசனீயம் என்கிறார்கள். அதுவும் வலுவான தத்துவம்தான், அதை மட்டம் தட்டுவது என் நோக்கம் இல்லை. எனக்கு வியப்பு வேறு இடத்தில். 'சத்தும் இல்லை, அசத்தும் இல்லை' என்ற அதே நடு இடத்தை வேதாந்தம் மாயைக்குக் கொடுத்தது. சித்தாந்தமோ அந்த இடத்தில் உயிரைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. உலகத்தைப் பற்றிய கேள்வியாக இருந்தது நம்மைப் பற்றிய கேள்வியாகத் திரும்பிவிட்டது.

அதுதான் ஏழாம் சூத்திரம்.

யாவையும் சூனியம் சத்தெதிர் ஆகலின்
சத்தே அறியாது அசத்தில தறியாது
இருதிறன் அறிவுள திரண்டலா ஆன்மா.

துப்பறிகிறவர் ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே வருவதுபோல இந்த வாதம் போகிறது. இந்த உலகத்தில் ஏதோ ஒன்று சத்தையும் அறிய முயல்கிறது, அசத்தையும் அறிந்து அனுபவிக்கிறது. யார் அது? சத்தாக இருக்க முடியாது, ஏனென்றால் சத்தின் எதிரில் மற்றதெல்லாம் விளங்காமல் போய்விடும், சூரியன் முன்னால் நட்சத்திரம் போல. ('சூனியம்' என்று இங்கே சொல்லிவிட்டாரே என்று சிலர் தாவிப் பிடிப்பார்கள், 'சத்தெதிர்' என்று கூடவே சொல்லியிருப்பதைப் பார்க்க வேண்டும். பகலில் நட்சத்திரம் தெரிவதில்லை, அதற்காக அது வானத்தைவிட்டுப் போய்விடுவதில்லை.) அசத்தாகவும் இருக்க முடியாது, அதற்கு அறிவே கிடையாது, சோறு சாப்பிடுகிறவனைச் சோறு அறியாது. ஆனால் அறிதல் என்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் இரண்டையும் அறியக்கூடியது, இரண்டும் அல்லாதது, மூன்றாவதாக ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதுதான் ஆன்மா.

வகுப்பில் இந்த இடத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு, நியாயமான கேள்வி. சத்து அறியாது என்றால் கடவுளுக்கு உலகமே தெரியாதா, அப்புறம் எப்படி முற்றறிவுடையவன் என்கிறீர்கள்? சுட்டி அறிவதில்லை என்பதுதான் பதில். நாம் ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்றை விடுகிறோம். இந்தப் பத்தியைப் படிக்கும்போது தெருவில் போகிற வண்டிச் சத்தம் காதில் விழுந்தும் விழாமல் போகிறது. அப்படி ஒவ்வொன்றாக 'இது, இது' என்று விரல் நீட்டி அறிய வேண்டிய தேவை சிவத்துக்கு இல்லை. எல்லாம் அதன் நிறைவுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இந்தப் பதில் எல்லாரையும் திருப்திப்படுத்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அசத்தின் வரையறையோடு சேர்த்துப் பார்த்தால் இது ஒட்டுப்போட்ட சமாதானமாகத் தெரியவில்லை, ஏனென்றால் சுட்டறிவு என்பதே ஆறாம் சூத்திரத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் இழை.

ஆன்மா உண்டு என்பதை மூன்றாம் சூத்திரத்திலேயே நிறுவியாகிவிட்டது. 'உளது, இலது என்றலின்' என்று ஆரம்பிக்கிறது அது. உடம்பு நான் இல்லை, புலன் நான் இல்லை, மூச்சு நான் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒருவன் 'ஆன்மா என்று ஒன்றும் இல்லை' என்கிறான். சரி, இல்லை என்று சொன்னாயே, அந்தச் சொன்ன ஆள் யார்? அவ்வளவுதான் வாதம். 'உளது' என்ற முடிவை முதலில் வைத்து, அதற்கான காரணத்தை 'இலது' என்ற மறுப்பிலிருந்தே எடுக்கிறார். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சதசத்து என்ற பெயர் உயிருக்கு ஏன்? பாதி சத்து, பாதி அசத்து என்று பாலும் தண்ணீரும் போலக் கலந்தது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. உமாபதி சிவம் சொல்கிறார்:

சத்தசத்தைச் சாரா தசத்தறியா தங்கணிவை
உய்த்தல் சதசத்தாம் உயிர்.

சத்து அசத்தைச் சாராது, அசத்து சத்தை அறியாது, இந்த இரண்டின் பக்கமும் போய் இரண்டையும் அனுபவிக்கக்கூடிய ஒன்று உயிர், அதனால் அதன் பெயர் சதசத்து. சத்தைச் சார்ந்தால் சத்தின் தன்மை, அசத்தைச் சார்ந்தால் அசத்தின் தன்மை. 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்பார்கள். பளிங்கின் பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் பளிங்கு சிவப்பு, நீலத்தை வைத்தால் நீலம். 'இருளில் இருளாகி எல்லிடத்தில் எல்லாம் பொருள்கள் இலதோ புவி' என்று கேட்கிறது இன்னொரு குறள். எல் என்றால் ஒளி. இருட்டில் இருட்டாகவும் வெளிச்சத்தில் வெளிச்சமாகவும் ஆகிற பொருள் உலகத்தில் இல்லையா என்ன? கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அது குருடு இல்லை, ஆனால் பார்க்கவும் முடியாது.

இதைப் புரிந்துகொள்ள மடத்துக்குப் போக வேண்டியதில்லை, எந்த ஊர் சிக்னலிலும் பார்க்கலாம். பின்னால் வந்த பைக் ஆட்டோவின் பக்கவாட்டுத் தகரத்தில் லேசாக உரசிவிட்டுப் போகும். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "யோவ், என்னை இடிச்சுட்டுப் போறியே" என்பார். ஆட்டோவை என்று சொல்ல மாட்டார், என்னை என்றுதான் சொல்வார். அந்த நேரத்தில் அவருடைய 'நான்' அந்த மஞ்சள் தகரம் வரைக்கும் போய் நிற்கிறது. உரசலை அவர் உண்மையாகவே உணர்கிறார், தோள்பட்டை சுருங்குகிறது. கிரிக்கெட்டில் நாம் தோற்றுவிட்டோம் என்று இரவு சாப்பிடாமல் படுப்பவர், பிள்ளையின் மார்க்கில் தன் உயரத்தை அளக்கும் அப்பா, கட்சித் தலைவரை யாராவது ஒரு சொல் சொன்னால் தன் வீட்டில் கல் விழுந்த மாதிரி துடிப்பவர், எல்லாரும் செய்வது இதைத்தான். உயிர் தனியாக நிற்பதில்லை. எதையாவது பற்றிக்கொண்டுதான் நிற்கிறது, பற்றியதுவாகவே ஆகிவிடுகிறது. வள்ளுவர் 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்' என்று சிற்றினம் சேராமையில் சொல்வதும் இந்தப் பக்கத்து விஷயம்தான். அவர் சேரும் ஆட்களைச் சொல்கிறார், சித்தாந்தம் சார்கிற எல்லாவற்றுக்கும் அதை விரிக்கிறது.

இந்தச் சார்பைச் சித்தாந்திகள் எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறார்கள் என்பதற்குத் திருவருட்பயனில் இன்னொரு குறள்: 'பொறியின்றி ஒன்றும் புணராத புந்திக்கு அறிவென்ற பேர்நன்று அற'. கண், காது இல்லாமல் ஒன்றையும் தொட முடியாத இந்தப் புத்திக்கு அறிவு என்ற பெயர் ரொம்ப நன்றாக இருக்கிறது போ, என்கிறார். எழுநூறு வருடத்துக்கு முந்தைய குரல் அது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல இருக்கிறது.

இருத்தலியலில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே என்றார். 1945இல் பாரிஸில் ஆற்றிய உரையில் சார்த்தர், மனிதனுக்கு இருப்புதான் முதலில், சாரம் பிறகு என்று வாதாடினார். முன்பே எழுதிவைத்த இயல்பு என்று எதுவும் அவனுக்குக் கிடையாது, அவன் தேர்ந்தெடுப்பதே அவன். நிலையான நிறம் இல்லாத ஒன்று, சேர்வதைப் பொறுத்து ஆகிறது என்ற அளவில் ஒப்புமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் வேறுபாடுதான் பெரிது. சார்த்தரின் மனிதன் துணையில்லாமல் விடப்பட்டவன், அவனுக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. சித்தாந்தத்தின் உயிருக்குத் தனிமை என்ற நிலையே கிடையாது. ஆணவத்தோடு கிடந்த காலத்திலும் கூடவே ஒருவன் இருந்துகொண்டுதான் இருக்கிறான். பதினொன்றாம் சூத்திரம் 'காணும் கண்ணுக்குக் காட்டும் உளம்போல்' என்று சொல்கிறது: கண் பார்ப்பதற்கு உயிர் கூடவே நின்று பார்க்க வேண்டும், உயிர் அறிவதற்கும் அதே மாதிரி இறைவன் கூடவே நின்று அறிய வேண்டும். எதைச் சார்வது என்பது மட்டும்தான் மாறும், சாராமல் இருப்பது கிடையாது. நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அந்தக் கூடவே இருக்கிறவன்தான் சிக்கல். பேச்சு டீக்கடை மூடும்வரை போயிற்று.

சத்தைச் சார்ந்து சத்தின் வண்ணமே ஆகிவிட்டால் உயிர் என்ன ஆகும், காணாமல் போய்விடுமா? முத்தியைப் பற்றி எல்லாரும் கேட்கும் கேள்வி இது. உமாபதி சிவத்தின் பதிலில் வருவது தமிழ் இலக்கணம்:

தாடலைபோல் கூடியவை தான்நிகழா வேற்றின்பக்
கூடலைநீ ஏகமெனக் கொள்.

தாள், தலை. சேர்த்துச் சொல்லுங்கள், தாடலை. தாளின் கடைசி எழுத்தும் தலையின் முதல் எழுத்தும் தனித்தனியாக இப்போது கேட்கவில்லை, நடுவில் ஒரு டகரம்தான் கேட்கிறது. கேட்பதற்கு ஒரே சொல். ஆனால் தாளும் இருக்கிறது, தலையும் இருக்கிறது. பொருள் தெரிந்தவனுக்கு இரண்டும் தெரியும். இறைவன் திருவடியும் அதில் பட்ட அடியான் தலையும் என்ற படமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதி விளக்க வேண்டியதை ஒரு புணர்ச்சி விதி சொல்லிவிடுகிறது. ஆணவம் அங்கே தலைதூக்க முடியாமல் ஒடுங்கிக் கிடக்கும், உயிர் இன்பத்தை நுகர்ந்துகொண்டிருக்கும். நுகர்வதற்கு ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆளை அழித்துவிட்டுத் தரும் முத்தியைச் சித்தாந்தம் ஏற்பதில்லை. உலகத்தை இல்லை என்று சொல்ல மறுத்த அதே பிடிவாதம்தான் இங்கேயும்.

இதைப் படித்துவிட்டு யாராவது நேரே சிவஞானபோதத்தை எடுத்தால் முதல் சூத்திரத்திலேயே மூச்சு முட்டும். திருவருட்பயனில் தொடங்குங்கள், பத்து அதிகாரம், நூறு குறள், 'உயிரவை நிலை' இரண்டாம் அதிகாரம், மேலே சொன்ன சதசத்துக் குறள் அதில்தான் இருக்கிறது. அது ஓரளவு கைக்கு வந்த பிறகு போதத்தின் மூன்று, ஆறு, ஏழு என்று இந்த வரிசையில் போனால் இருப்பைப் பற்றிய பேச்சு ஒரே ஓட்டமாகக் கிடைக்கும். சில பதிப்புகளில் சூத்திரமும் பொழிப்புரையும் மட்டும் போட்டு உதாரண வெண்பாக்களை விட்டுவிடுகிறார்கள், அப்படிப்பட்ட பதிப்பை வாங்காதீர்கள். சூத்திரத்தில் இறுக்கிக் கட்டியதை மெய்கண்டார் வெண்பாவில்தான் அவிழ்த்துக் காட்டுகிறார், நீரில் எழுத்தும் பேய்த்தேரும் அங்கேதான் இருக்கின்றன.